ஒரே வரியில் அழிந்தது புளி மண்டி கணக்கு! ஜவ்வாது மலை கம்ப்யூட்டர் வாலிபர் சொல்லும் அனுபவம்

ஆலங்காயம்,–

தாம்பரம் மின்சார ரயிலில் மடியில் கம்ப்யூட்டரை வைத்துக் கொண்டு தட்டியபடி வரும் வாலிபர்களை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள்.

"இவங்களுக்கு என்னப்பா! ஏ.சி. ரூம், கை நிறையச் சம்பளம்" என்று பெருமூச்சும் விடுகிறீர்கள்.

அந்த வாலிபர்களில் ஒருவர், ஒரு வெள்ளிக்கிழமை மாலை, ஓடும் பஸ்சில் உட்கார்ந்து ஒரே ஒரு வரி தட்டினார்.

64 மலைக் குடும்பங்களின் கணக்கு மாயமாய் மறைந்தது!

அந்த வாலிபரை ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் சந்தித்தேன். காவலூர் டெலஸ்கோப்பைப் பார்த்துவிட்டு ஆலங்காயத்தில் வாணியம்பாடி பஸ்சுக்காகக் காத்திருந்த நேரம். பெயரும் ஊரும் போட வேண்டாம் என்றார். ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு கிராமம். பெங்களூரில் வேலை. புளி, சாமை, தேன் என்று மூட்டை கட்டி இறக்குகிற வீட்டுப் பிள்ளை.

"சொல்றேன் சார். என் கதையைப் படிச்சு நாலு கடைக்காரங்க உஷாரா இருந்தா சரி" என்று ஆரம்பித்தார்.

புளி சீசன்

ஜவ்வாது மலையில் மாசி, பங்குனி மாதங்கள் புளி சீசன். மலைவாழ் மக்கள் உலுக்கி, ஓடு நீக்கி, மூட்டையாக மண்டிக்குக் கொண்டு வருவார்கள். சீசனுக்கு முன்பே மண்டியில் முன்பணம் வாங்கியிருப்பார்கள். எடை போடப் போட, முன்பணம் கழியும். மீதி கைக்கு வரும். கல்யாணம், காது குத்து, பிள்ளைகளின் ஹாஸ்டல் செலவு எல்லாம் அந்த மீதியில்தான்.

கீழே ஒரு ஊரில் உள்ள மண்டிக்காரர் இந்த வாலிபரின் தகப்பனாருக்குப் பழக்கம். "தம்பி, எனக்கு ஒரு கம்ப்யூட்டர் கணக்கு போட்டுக் கொடு" என்று கேட்டிருக்கிறார். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆன நேரம். இளரத்தம். நாலு ஞாயிற்றுக்கிழமையில் புரோகிராம் எழுதிக் கொடுத்துவிட்டார்.

சீசன் நன்றாக ஓடியது. சிவப்பு அட்டை பேரேட்டைக் கணக்குப்பிள்ளை மூடி வைத்துவிட்டார். எடை போட்டதும் பில் மிஷினில் சீட்டு வரும். எல்லோருக்கும் சந்தோஷம்.

ஆரம்பத்தில் சோதனைக்காகச் சில பொய்ப் பெயர்களை அவர் பதிந்திருந்தார். அவை பட்டியலில் நின்று மண்டிக்காரரின் கண்ணை உறுத்தின. "அதைத் தூக்கிடு தம்பி" என்று போன் வந்தது.

வெள்ளிக்கிழமை மாலை. பெங்களூரிலிருந்து ஊருக்கு வரும் பஸ். மடியில் கம்ப்யூட்டர். போன் மூலம் மண்டி கம்ப்யூட்டரோடு தொடர்பு.

"இன்ன பெயர் உள்ள கணக்கை அழி" என்று எழுத வேண்டும். பஸ் ஒரு பள்ளத்தில் குதித்தது. விரல் பட்டது. "இன்ன பெயர் உள்ள" என்கிற பாதி எழுதும் முன்பே உத்தரவு போய்விட்டது.

"அழி" மட்டும் போனது!

கம்ப்யூட்டருக்கு யோசிக்கத் தெரியாது. சொன்னதைச் செய்தது.

"கை வேர்த்துப் போச்சு சார். பக்கத்து சீட்டு அம்மா, ‘என்னப்பா, யாருக்காவது உடம்பு சரியில்லையா’ன்னு கேட்டாங்க" என்றார்.

பெயர் இருந்தது, சரக்கு இல்லை!

"அழிந்தால் என்ன? நகல் இருக்குமே!" என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

இருந்தது. தினம் ராத்திரி 11 மணிக்குத் தானாகவே நகல் எடுக்கும்படி ஏற்பாடு செய்திருந்தார். ஒவ்வொரு நகலுக்கும் அன்றைய தேதியே பெயர். அடிக்கடி எட்டிப் பார்ப்பார். தேதி வரிசையாகப் பெயர்கள் நிற்கும். திருப்தியாக மூடிவிடுவார்.

ஆனால் மூன்று வாரத்துக்கு முன்பே டிஸ்க்கில் இடம் நிரம்பிவிட்டது. அன்று முதல் பெயர் மட்டும் பதிவாகி, உள்ளே ஒன்றும் ஏறவில்லை. டப்பா இருக்கிறது, மேலே ‘துவரம் பருப்பு’ என்று சீட்டு ஒட்டியிருக்கிறது, திறந்தால் காலி! அந்தக் கதைதான்.

போதாததற்கு, நகலும் அதே கம்ப்யூட்டரிலேதான் இருந்தது. சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டுவது போல!

மூன்று வாரக் கணக்கு போயே போய்விட்டது. சீசனின் உச்சமான மூன்று வாரம்.

"சீட்டு இருக்குமே" என்றார் மண்டிக்காரர். மறுநாள் இருவரும் மலை ஏறினார்கள். இரண்டு சனி, இரண்டு ஞாயிறு. வீடு வீடாக.

அங்கேதான் அடுத்த அடி. பில் மிஷின் காகிதம் சூட்டில் எழுத்து விழும் ரகம். மையே கிடையாது. அடுப்படிக் கூரையில் செருகி வைத்தவர்களின் சீட்டு சூடேறி முழுக்கக் கறுத்துக் கிடந்தது. எண்ணெய்ப் பிசுக்கு பட்டதும் வெயில் பட்டதும் வெளுத்துப் போயிருந்தன.

64 வீட்டில் 51 வீட்டுச் சீட்டு படிக்க முடிந்தது. 13 வீட்டில் வெள்ளைக் காகிதம் அல்லது கறுப்புக் காகிதம்!

"அந்த 13 வீட்டிலயும் என் மூஞ்சியைப் பார்த்தாங்க சார். திட்டியிருந்தாக்கூட பரவால்ல. ‘நம்ம புள்ளதானே எழுதினது, எங்க போயிடும்’னு சொன்னாங்க. அன்னைக்கு ராத்திரி தூங்கல."

வழி கண்டுபிடித்தவர் கணக்குப்பிள்ளை. மண்டியிலிருந்து வெளியூர் போன லாரிகளின் எடைமேடை ரசீது அவரிடம் பத்திரமாக இருந்தது. மொத்தத்தில் 51 வீட்டு எடையையும் கிடங்கு இருப்பையும் கழித்துப் பார்த்தால் 1,870 கிலோ. அது அந்த 13 வீட்டுப் புளி.

13 வீட்டாரும் வாயால் சொன்ன எடையைக் கூட்டினார்கள். 1,910 கிலோ!

"புளி காய்ஞ்சா எடை குறையும். நாற்பது கிலோ அதுல போயிருக்கும்" என்று மண்டிக்காரர் அப்படியே ஏற்றுக் கொண்டார்.

இன்னொன்று. ஒரு வயதான அம்மாள், "அந்தக் காணாமப் போன நாள்லதான் ரெண்டாயிரம் முன்பணம் வாங்கினேன். அதையும் எழுதிக்க சாமி" என்றாராம். அது யாருக்கும் தெரியாத கணக்கு. எந்தச் சீட்டும் இல்லை.

வாலிபர் டீயைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

இப்போது என்ன செய்கிறார்?

அழிப்பதற்கு முன் ‘காட்டு’ என்று உத்தரவு போடுகிறார். எதை அழிக்கப் போகிறோமோ அது திரையில் வர வேண்டும். மூன்று பெயர் வர வேண்டிய இடத்தில் அறுபது வந்தால் கையை எடுத்து விடலாம். பிறகே ‘அழி’. அதுவும் உடனே நிரந்தரமாக அழியாமல், ‘சரி’ என்று மறுபடி சொன்னால்தான் நிலைக்கும்படி எழுதியிருக்கிறார். ஓடும் பஸ்சில் எதையும் தொடுவதில்லை.

நகல் மூன்று. ஒன்று மண்டியில். ஒன்று முதலாளி வீட்டு பீரோவில், பென் டிரைவில். ஒன்று வெளியூர்க் கம்ப்யூட்டரில். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறொரு கம்ப்யூட்டரில் அந்த நகலைத் திறந்து, ஏதாவது ஐந்து குடும்பத்தின் கணக்கை எடுத்துப் பார்க்கிறார்.

"திறந்து பார்க்காத நகல், நகலே இல்ல சார்."

கடை வைத்திருக்கும் வாசகர்களே! உங்கள் பில் மிஷின் கணக்கின் நகலைக் கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள்? மிஷின் விற்றவர் "எல்லாம் ஆட்டோமேட்டிக் சார்" என்று சொல்லியிருப்பார். அந்தச் சொல்லைத்தான் இந்த வாலிபரும் நம்பினார்.

சூட்டுக் காகிதச் சீட்டும் போய்விட்டது. கரகரவென்று சத்தம் போடும் பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்தான் இப்போது மண்டியில். மை ரிப்பன், கார்பன் நகல். வாரண்டி உள்ள பொருளுக்குச் சூட்டுக் காகித பில் வாங்கினால் அன்றே ஒரு ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். பிரிட்ஜ் ரிப்பேர் ஆகும் நாளில் பில் வெள்ளையாக இருக்கும்!

மலை மேல் ஒரு நோட்டுப் புத்தகம்

இந்த வாலிபர் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது காவலூர் வான் ஆராய்ச்சி நிலையத்துக்குச் சுற்றுலா போயிருக்கிறார். "எழுதி வைக்கிற பழக்கம் அங்கதான் பார்த்தேன். அப்ப புரியல. அடிபட்ட பிறகு புரிஞ்சுது" என்கிறார்.

காவலூர் கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. விஞ்ஞானி வைணு பாப்பு இந்த மலையைத் தேர்ந்தெடுத்து 1968-ல் ஒரு சிறிய 38 சென்டிமீட்டர் டெலஸ்கோப்புடன் தொடங்கினார். 1972-ல் கிழக்கு ஜெர்மனியின் ஜெய்ஸ் கம்பெனி செய்த ஒரு மீட்டர் டெலஸ்கோப் வந்தது. பாப்பு 1982-ல் காலமானார். அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் டெலஸ்கோப்பை 1986 ஜனவரி 6-ந்தேதி பிரதமர் ராஜீவ் காந்தி திறந்து வைத்தார். டெலஸ்கோப்புக்கும் நிலையத்துக்கும் பாப்புவின் பெயர்.

1977 மார்ச் 10 இரவு. யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போகிறது என்று கணித்திருந்தார்கள். ஜே.சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் காவலூரின் ஒரு மீட்டர் டெலஸ்கோப்பில் காத்திருந்தார்கள்.

குறித்த நேரத்துக்கு முன்பாகவே, சில விநாடிகள், நட்சத்திரம் மங்கியது!

மேகமா? கருவிக் கோளாறா? "ஏதோ கோளாறு" என்று கோட்டை அழித்துவிட்டு மேலே போயிருக்கலாம். போகவில்லை. நேரத்தோடு பதிந்தார்கள். யுரேனசுக்கு ஒரு புதிய துணைக்கோள் இருக்கலாம் என்று உலகத்துக்கு அறிவித்தார்கள்.

அதே இரவில் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே அமெரிக்க விஞ்ஞானிகள் ஒரு ஆராய்ச்சி விமானத்தில் பறந்து கொண்டிருந்தார்கள். கணிப்பு பிசகலாம் என்று அவர்களும் கருவியை முன்கூட்டியே ஓட விட்டிருந்தார்கள். மறைப்புக்கு முன்னும் பின்னும் பல மங்கல்கள் பதிவாகியிருந்தன. எல்லாவற்றையும் ஒப்பிட்டபோது விஷயம் வெளிவந்தது. துணைக்கோள் அல்ல, வளையங்கள்! இன்று யுரேனசுக்கு 13 வளையங்கள் என்று கணக்கு.

காவலூர் சொன்ன காரணம் மாறியது. காவலூர் பதிந்த நேரம் மாறவில்லை. அது உண்மையாகவே நின்றது.

ஆபீஸ் குமாஸ்தாக்களுக்கு இதில் ஒரு சேதி உண்டு. கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் நாம் என்ன சொல்கிறோம்? "சார், சிஸ்டம் வொர்க் ஆகல. வைரஸ் போல இருக்கு." வைரஸ் என்பது நம் ஊகம். நாம் பார்த்தது என்ன?

"எத்தனை மணிக்கு, எந்த பட்டனை அழுத்தினீங்க, திரையில என்ன எழுத்து வந்தது. இந்த மூணைச் சொன்னா பாதி வேலை முடிஞ்சுது. போன்ல ஒரு போட்டோ எடுத்து அனுப்பினா இன்னும் நல்லது. காரணம் கண்டுபிடிக்கிறது எங்க வேலை சார்" என்கிறார் வாலிபர்.

கம்ப்யூட்டர்க்காரர்கள் கோளாறை ‘பக்’, அதாவது பூச்சி என்பார்கள். இது பழைய வழக்கு. 1947 செப்டம்பர் 9-ந்தேதி அமெரிக்காவில் ஹார்வர்டு மார்க்-2 என்ற ராட்சத கணிப்பொறிக்குள் நிஜமாகவே ஒரு அந்துப்பூச்சி சிக்கி வேலை நின்றது. ஊழியர்கள் அந்தப் பூச்சியை நோட்டிலேயே டேப் போட்டு ஒட்டி, பக்கத்தில் நேரம் எழுதி வைத்தார்கள். அந்தப் பக்கம் இன்றும் அமெரிக்க அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தூக்கி எறிந்திருந்தால் யாருக்குத் தெரியும்?

மலைக்கும் சாப்ட்வேருக்கும் பழைய உறவு

சாப்ட்வேர் என்றால் பெங்களூர்தான் என்று நினைக்காதீர்கள். 1980-களிலேயே இந்த ஜவ்வாது மலையில் வாக்ஸ் 11/780 கம்ப்யூட்டர் ஓடிக் கொண்டிருந்தது. நட்சத்திர ஒளியைப் பிரித்து ஆராய்வதற்கு விஞ்ஞானிகள் டி.பி. பிரபு, ஜி.சி. அனுபமா முதலியோர் தாங்களே ஒரு சாப்ட்வேர் எழுதிக் கொண்டார்கள். அதன் பெயர் ‘ரெஸ்பெக்ட்’. ‘மரியாதை’ என்று அர்த்தம். நல்ல பெயர்தான். அனுபமா பிற்காலத்தில் இந்திய வானியல் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார்.

வானியல்காரர்களிடம் மற்றொரு பழக்கம். ராத்திரி எடுத்த படத்தின் தலைப்பிலேயே எந்த டெலஸ்கோப், என்ன தேதி, எத்தனை விநாடி திறந்திருந்தது என்று எல்லா விவரமும் ஏற்றி விடுவார்கள். இதற்கென்று உலகம் முழுவதும் ஒரே முறை 1981-லிருந்து இருக்கிறது. படம் எங்கே போனாலும் ஜாதகம் கூடவே போகும்.

நம் ஆபீஸ் கம்ப்யூட்டரைத் திறந்து பாருங்கள். ‘பைனல்’, ‘பைனல் புதுசு’, ‘பைனல் கடைசி’, ‘பைனல் கடைசி ஒரிஜினல்’! எதை மேலதிகாரிக்கு அனுப்பினோம் என்று அனுப்பியவருக்கே தெரியாது. வாலிபரின் முறை: வருடம், மாதம், தேதி, அப்புறம் விஷயம். வருடத்தை முதலில் போட்டால் தானாகவே வரிசையில் நிற்கும். செலவில்லாத வேலை.

தேதியிலும் ஒரு வம்பு உண்டு. ராத்திரி 12 மணிக்கு மேல் வந்த மூட்டை எந்தத் தேதிக் கணக்கு? மண்டியில் நேற்றைய கணக்கு என்பார்கள். கம்ப்யூட்டர் இன்றைய தேதி போடும். இரண்டு நாளும் கணக்கு உதைக்கும். வானத்தைப் பார்ப்பவர்களுக்கு ராத்திரிதான் ஆபீஸ். தேதிக் குழப்பம் வராமலிருக்க உலகப் பொது நேரத்தில் குறிப்பார்கள். நம் கடிகாரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முந்தி. மண்டியில் வாலிபர் வேறு ஏற்பாடு செய்தார். நேரம் தனி, ‘எந்த நாள் கணக்கு’ என்பது தனி. இரண்டு கட்டம். சண்டை தீர்ந்தது.

படியா, கிலோவா?

1999 செப்டம்பர் 23-ந்தேதி அமெரிக்காவின் ‘மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்’ செவ்வாய் கிரகத்துக்குப் போய்ச் சேர்ந்த அன்றே தொலைந்தது. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். பூமியில் ஒரு சாப்ட்வேர் பவுண்டு கணக்கில் எண்ணைக் கொடுத்தது. வாங்கிய சாப்ட்வேர் அதை மெட்ரிக் அளவான நியூட்டன் கணக்கு என்று எடுத்துக் கொண்டது. எண் இருந்தது, பக்கத்தில் அளவு எழுதவில்லை!

வாலிபர் இதைக் கல்லூரியில் படித்தவர்தான். ஆனாலும் மண்டியில் சாமைக்குப் பதிவு போட்டபோது எடைக் கட்டத்தில் ‘20’ என்று மட்டும் வந்தது. மலையில் சாமை படியில் அளப்பார்கள். கீழே கிலோ. கணக்குப்பிள்ளை கேட்டாராம்: "தம்பி, இது இருபது படியா, இருபது கிலோவா?" அன்று முதல் எண்ணுக்குப் பக்கத்தில் அளவு போடாவிட்டால் கம்ப்யூட்டர் வாங்காது.

அமெரிக்காவில் ஒரு கணக்குப்பிள்ளை இல்லாமல் போனார்!

ஆயாவிடம் சொன்னால் தீரும்

வேலை எங்கேயாவது சிக்கிக் கொண்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"ஆயாகிட்ட சொல்வேன்."

புளியங்கொட்டை தட்டிக் கொண்டிருக்கும் ஆயாவிடம், முதலில் இது நடக்கும், அப்புறம் இது நடக்கும் என்று வரிசையாகச் சொல்வாராம். ஆயாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. "உம்" கொட்டுவார். பாதியிலேயே இவருக்குத் தப்பு எங்கே என்று தெரிந்துவிடும். ஒரு தடவை ஆயாவே, "அந்த ரெண்டாவது ஆளு கணக்கு ஏன் கண்ணு மொத ஆளுக்குப் போவுது?" என்று கேட்டிருக்கிறார். அங்கேதான் தப்பு! ஆயா இல்லாத ஊரில் ரப்பர் வாத்தைக் கூட மேஜையில் வைத்துக் கொண்டு அதனிடம் சொல்கிறவர்கள் இருக்கிறார்களாம். வாத்து இப்படிக் கேள்வி கேட்குமா என்று தெரியவில்லை.

உடம்பைப் பற்றியும் சொன்னார். தொடர்ந்து திரையைப் பார்த்தால் கண் எரியும், கழுத்து பிடிக்கும். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை தலையை நிமிர்த்தித் தூரத்தில் எதையாவது பார்ப்பாராம். ராத்திரி ஒரு மணிக்கு மேல் எழுதிய வரிகளைக் காலையில் படிக்காமல் யாருக்கும் அனுப்புவதில்லை. "ஒரு மணிக்கு நான் எழுதினதை எட்டு மணிக்கு நானே நம்பறதில்ல சார்."

சிவப்பு அட்டை பேரேடு என்ன ஆயிற்று என்று விசாரித்தேன். மறுபடி திறந்தாகிவிட்டது. கணக்குப்பிள்ளை தினம் மாலை அன்றைய மொத்தத்தை மட்டும் ஒரு வரி எழுதி, கம்ப்யூட்டர் மொத்தத்தோடு ஒத்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார். ஐந்து நிமிட வேலை. இரண்டு தடவை வித்தியாசம் பிடித்திருக்கிறார். ஒன்று கம்ப்யூட்டர் தப்பு. ஒன்று அவர் தப்பு.

பேசிக் கொண்டிருக்கும்போதே வாலிபரின் போன் அடித்தது. மண்டிக்காரர்தான்! பில்லில் கடைப் பெயரைக் கொஞ்சம் பெரிசாகப் போட வேண்டுமாம். "சின்ன வேலைதானே தம்பி, இப்பவே பண்ணிடேன்" என்று குரல் எனக்கே கேட்டது.

வாலிபர் கடிகாரத்தைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை, மாலை 5.50.

"திங்கட்கிழமை காலைல பத்து மணிக்குப் பண்றேன் மொதலாளி" என்றார்.

வாணியம்பாடி பஸ் வந்து நின்றது.